பதினாலாவது வரிசை, ஏழாவது துண்டு

பத்து மணி பதிமூணு நிமிஷத்துக்கு ஸ்க்ரீன்ல ஒரு சிவப்புக் கட்டம் முழிச்சுக்கிச்சு.

பதினாலாவது வரிசை. ஏழாவது துண்டு. கரண்ட் பாதிக்கும் கீழ.

தங்கச்சி ஒரு கையில டீ கிளாஸும் இன்னொரு கையில மவுஸுமா அதைப் பார்த்தா. பெருசா ஒண்ணும் தோணல. பேனல் மேல காக்கா எச்சம் போட்டிருக்கும். இல்லைன்னா எங்கேர்ந்தாவது ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் பறந்து வந்து ஒட்டிக்கிட்டிருக்கும். வாக்கி-டாக்கியை எடுத்து, போய்த் துடைச்சிட்டு வாங்கன்னு துடைக்கிற ஆளுங்களுக்குச் சொன்னா.

அவளுக்கு வீட்டுல வேற பேர். இந்த சைட்ல எல்லாருக்கும் அவ தங்கச்சிதான். சோலார் பக்கம் ஹெட்டா இருக்கிறது அவ அண்ணன். அண்ணனுக்குத் தங்கச்சின்னா ஊருக்கே தங்கச்சி.

ஒரே நிலம். தலைக்கு மேல காத்துல கரண்ட் எடுக்கிற பதினோரு காத்தாடி. காலுக்குக் கீழ அறுபது வரிசை பேனல். ரெண்டையும் ஒரே ரூம்ல உட்கார்ந்து பார்த்துக்கிறது அவ வேலை.

நாலு நிமிஷம் கழிச்சு வாக்கி-டாக்கி கரகரன்னுச்சு.

"தங்கச்சி... இது துடைச்சாப் போறது இல்ல."

"ஏன், என்ன கிடக்கு?"



"காத்து மாமா கிடக்காரு."

டீ கிளாஸ் கீபோர்டு மேல சாய்ஞ்சுது.

காத்து மாமா காத்தாடிப் பக்கத்துக்கு ஹெட். இருபது வருஷமா டவர் ஏறுறவர். அதெல்லாம் விடுங்க, அவர் அண்ணியோட கூடப்பொறந்த அண்ணன். அதாவது தங்கச்சியோட அண்ணன் கட்டிக்கிட்டது அவர் தங்கச்சியை. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு ஹெட்டும் ஒரே பாயில உட்கார்ந்து சாப்பிடுவாங்க. திங்கட்கிழமையானா ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுப்பாங்க.

தங்கச்சி ஓடிப்போய்ப் பார்த்தா.

பேனல் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி நொறுங்கியிருந்துச்சு. அது மேல மல்லாக்க மாமா. கண்ணு பாதி திறந்து... பின்மண்டையில ரத்தம் உறைஞ்சு... உடம்புல டவர் ஏறுறப்ப மாட்டுற பெல்ட். அண்ணாந்து பார்த்தா ஏழாம் நம்பர் காத்தாடி. இறக்கை மூணும் அசையாம நின்னுச்சு.

பார்த்தவங்க எல்லாரும் போட்ட கணக்கு ஒண்ணுதான். மேலேர்ந்து விழுந்துட்டாரு.

அவளுக்கு முன்னாடியே, ரெண்டு பக்கத்துக்கும் மேல இருக்கிற மேனேஜர் அங்க நின்னாரு. கயிறு கட்டச் சொல்லிட்டு, போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு பய கிட்ட வரக்கூடாதுன்னு கையை விரிச்சு நின்னாரு. காத்தாடி ஆளுங்க அழுதுகிட்டே ஓடி வந்தாங்க. அவங்களை அம்பது அடி தள்ளியே நிறுத்திட்டாரு. கண்டுபிடிச்ச சோலார் பசங்க ரெண்டு பேர் மட்டும் பக்கத்துல. பெரிய மனுஷன் எவ்வளவு நிதானமா இருக்காருன்னு தங்கச்சி நினைச்சா.

நினைச்சது தப்புன்னு தெரிய இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்க. அம்பது வயசு. மூக்கு நுனிக்கு இறங்கி வர்ற கண்ணாடி. அதைத் தள்ளிவிடாம அது மேலேயே எட்டிப் பார்த்துப் பேசுற பழக்கம். கூட்டத்தைச் சுத்தி ஒரு நடை நடந்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. டவர்ல எத்தனை பேர் ஏறணும்?

ரெண்டு பேர்னு எல்லாரும் சொன்னாங்க. தனியா ஏறக்கூடாது, அது இங்க சட்டம். மாமா அந்த சட்டத்தை ஒரு நாளும் மீறினதில்லைன்னு காத்தாடி ஆளுங்க சத்தியம் பண்ணாங்க.

"அப்போ மேல ரெண்டாவதா ஒரு ஆள் இருந்திருக்கணும். அந்த ஆள் ஏன் இன்னும் வாயைத் திறக்கல?"

 எல்லார் கண்ணும் மெதுவா ஒரே பக்கம் திரும்புச்சு.

அண்ணன் பக்கம்.

முந்தின நாள் கேன்டீன்ல நடந்த சண்டையை ஆளாளுக்கு ஒரு துண்டாச் சொல்லி முடிச்சாங்க. சைட்லேர்ந்து கரண்ட் வெளிய போறதுக்கு இருக்கிறது ஒரே லைன். காத்து பலமா அடிச்சா அந்த லைன் நிரம்பிடும், உடனே பேனலைக் குறைக்கச் சொல்வாங்க. வெயில் கொளுத்துற மத்தியானத்துல பேனலைக் குறைக்கச் சொன்னா சோலார்காரனுக்கு வயிறு எரியாதா? அண்ணனுக்கு எரிஞ்சுது. தட்டைத் தள்ளிவிட்டு, பத்து பேர் முன்னாடி எழுந்து நின்னு ஒரு வார்த்தை விட்டுட்டான். ஒரு நாள் இல்ல ஒரு நாள் அந்த ஏழாம் நம்பர் உச்சியிலேர்ந்து உங்களை நானே தள்ளிவிடறேன் மச்சான்னு.

மாமா சிரிச்சாராம். முதல்ல ஏறி வா மாப்ள, அப்புறம் தள்ளலாம்னாராம்.

இன்ஸ்பெக்டரம்மா தங்கச்சிகிட்ட வந்தாங்க.

"உங்க அண்ணன் கோபக்காரரா?"

"வரும் மேடம். வந்த வேகத்துல போயிடும்."

"வந்ததுக்கும் போறதுக்கும் நடுவுல என்ன பண்ணுவாரு?"



அண்ணனை மீட்டிங் ரூம்ல உட்கார வச்சு விசாரிச்சாங்க. கதவு லேசா திறந்திருந்துச்சு. ஒன்பதரையிலேர்ந்து பத்தேகால் வரைக்கும் நாப்பதாவது வரிசையில இருந்தேன், அங்க இருக்கிற பெட்டியைத் திறந்து ஃப்யூஸ் மாத்தினேன்னு அண்ணன் சொல்றது தங்கச்சி காதுல விழுந்துச்சு.



அந்தப் பெட்டிக் கதவை யார் திறந்தாலும் அவ ஸ்க்ரீன்ல மணி அடிக்கும். காலையிலேர்ந்து அடிக்கல. ரூமுக்கு ஓடி வந்து ரெக்கார்டைப் பார்த்தா. ரெண்டு தடவை பார்த்தா. நாப்பதாவது வரிசைப் பெட்டி... நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் திறக்கவே இல்ல.

அண்ணன் பொய் சொல்றான்.

ஏன்?

இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல? சொன்னா இப்பவே கையில விலங்கு. சொல்லலைன்னா...

கையைச் சும்மா வச்சுக்க முடியாம பதினாலாவது வரிசை கிராஃபைத் திறந்தா. மாமா எத்தனை மணிக்கு விழுந்தாருன்னாவது பார்ப்போம்னு. ஏழாவது துண்டு ஒன்பது அம்பத்தெட்டுக்குக் குறைஞ்சிருந்துச்சு. குறைஞ்சது குறைஞ்சதுதான், ஏறவே இல்ல. கால் மணி நேரம் விடாம குறைஞ்சிருந்தாத்தான் சிவப்புக் கட்டம் வரும். சரியாத்தான் இருக்கு.

அப்புறம்தான் பக்கத்துத் துண்டு கண்ணுல பட்டுச்சு.

ஒன்பது அம்பத்திரெண்டுக்கு முதல் துண்டு குறைஞ்சு ஏறியிருக்கு. அம்பத்துமூணுக்கு ரெண்டாவது. அப்புறம் மூணாவது, நாலாவது... நிமிஷத்துக்கு ஒண்ணு. வரிசை ஆரம்பிக்கிற தலைப்புலேர்ந்து ஒரு நிழல் பேனல் மேல ஊர்ந்து ஊர்ந்து ஏழாவது துண்டு வரைக்கும் வந்திருக்கு. அதோட விடல. கொஞ்சம் நின்னு, ஆறு, அஞ்சு, நாலுன்னு திரும்பியும் போயிருக்கு. வர்றப்ப கனமான நிழல். போறப்ப லேசான நிழல்.

மேலேர்ந்து விழுந்த மனுஷன் எப்படி வரிசையோட தலைப்புலேர்ந்து ஊர்ந்து வருவாரு?

"என்னம்மா அது?"

திடுக்குன்னு திரும்பினா. பின்னாடி மேனேஜர். எப்ப வந்தாருன்னே தெரியல.

பயத்துல அவ எல்லாத்தையும் கொட்டிட்டா. இது பிரஷ் வண்டி சார்னு சொன்னா. பேனல் வரிசை மேல ரெண்டு ஓரத்துலயும் சக்கரம் வச்சு ஊர்ந்து போய்த் தூசி தட்டுற வண்டி. வரிசையோட தலைப்புல ஸ்டாண்டுல நிக்கும். பச்சை பட்டனை அமுக்கினாப் போகும், சிவப்பை அமுக்கினா நிக்கும். நல்ல கெட்டியான ஃப்ரேம். ரிப்பேர் பார்க்கிறப்ப ரெண்டு ஆள் ஏறி உட்காருவாங்க. மாமாவை யாரோ அது மேல படுக்க வச்சு, முன்னூறு மீட்டர் கொண்டு வந்து, டவர் நேர்கீழ இறக்கிட்டு, கண்ணாடியையும் உடைச்சுட்டுப் போயிருக்காங்க. அவர் டவர்லேர்ந்து விழவே இல்ல சார்.

மேனேஜர் மூஞ்சி ஒரு நொடி காகிதம் மாதிரி வெளுத்துச்சு. அப்புறம் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டாரு. குரலைத் தாழ்த்தினாரு.

"பிரஷ் வண்டி யார் பொறுப்புல இருக்கு?"

அவளுக்கு அப்பத்தான் உறைச்சுது.

"அண்ணன் பொறுப்புல..."

"இதை நான் பார்க்கல. நீயும் பார்க்கல. அந்த ஒரு மணி நேரத்தை அழிச்சிடு. உங்க அண்ணனுக்குக் குழந்தை பொறந்து மூணு மாசம்தான் ஆகுதாமே... பாவம்."

தலையில கையை வச்சு ஆசீர்வாதம் மாதிரி ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு.

இந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்னு தோணுச்சு தங்கச்சிக்கு. ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்தா. அழின்னா. நிச்சயமா அழிக்கணுமான்னு ஸ்க்ரீன் கேட்டுச்சு.

விரல் பட்டன் மேல போச்சு.

போன் அடிச்சுது. அண்ணி.

எடுக்காம இருக்க முடியுமா? எடுத்தா. அந்தப் பக்கம் அழுகை இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு. பின்னாடி பாப்பா மட்டும் வீல் வீல்னு கத்திக்கிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களா, மூஞ்சி எப்படி இருக்கு, வலிச்சிருக்குமான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. இவளும் தெரிஞ்ச வரைக்கும் சொன்னா.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரா?"

"அண்ணி..."

"எங்க அண்ணனுக்காக நான் எப்படியோ அழுது தீர்த்துடுவேன். ஆனா அவரா இருந்தா, இந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது? நீ பொய் சொல்ல மாட்ட. அதான் உன்கிட்டக் கேக்கறேன்."

பத்து நிமிஷம் குடுங்க அண்ணின்னு சொல்லி வச்சா. வேண்டாம்னு இருந்த பட்டனை அமுக்கினா. ஒரு பாட்டில்ல தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு மீட்டிங் ரூமுக்கு நடந்தா. வாசல்ல நின்ன போலீஸ்காரர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துட்டு, ரெண்டே நிமிஷம்னு உள்ள விட்டாரு.

அண்ணன் மேஜையில கவுந்து கிடந்தான். கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு.

அவன் பக்கத்துல போய் நேராவே கேட்டுட்டா.

"காலையில பதினாலாவது வரிசையில பிரஷ் வண்டியை ஓட்டினியா?"

"எப்போ?"

"ஒன்பது அம்பத்திரெண்டுக்கு."

அண்ணன் விலுக்குன்னு நிமிர்ந்தான். கண்ணுல அப்படி ஒரு கோபம்.

"எவன்டி அவன் பகல்ல பிரஷ் வண்டி ஓட்டினது? அறிவு வேணாம்? வெயில் ஏறின அப்புறம் ஓட்டினா அதோட நிழலே பேனல் மேல விழும், வரிசை பூரா கரண்ட் அடி வாங்கும். உன் கிராஃப்ல பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியுமே. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி ஓட்டி முடிச்சு ஸ்டாண்டுல விட்டாகணும்னு முதல் நாள் வேலைக்கு வர்றவனுக்கே சொல்லித் தர்றேன். தண்ணி வேற தெளிக்காம ஓட்டினானா? கீறல் விழுந்திருக்கா?"

தங்கச்சி அவனையே பார்த்துக்கிட்டு நின்னா.

கொலைக் கேஸ்ல உட்கார்ந்திருக்கான். மச்சான் செத்துக் கிடக்காரு. கையில விலங்கு விழப்போகுது. இவன் பேனல்ல கீறல் விழுந்திருக்கான்னு கேக்கறான்.

இவன் இல்ல. சாமி சத்தியமா இவன் இல்ல.

"அப்போ நாப்பதாவது வரிசையில ஃப்யூஸ் மாத்தினேன்னு ஏன் பொய் சொன்ன? பெட்டி திறக்கவே இல்லயே."

அண்ணன் கோபமெல்லாம் காத்துப் போன பலூன் மாதிரி இறங்கிடுச்சு. பாப்பா மூணு ராத்திரியா தூங்க விடலையாம். நாப்பதாவது வரிசைப் பேனலுக்கு அடியில நிழல் ஜிலுஜிலுன்னு இருந்துச்சாம். அஞ்சு நிமிஷம்னு படுத்தானாம். எழுந்திரிச்சா போலீஸ் வண்டி நிக்குதாம். வேலை நேரத்துல தூங்கினேன்னு சொன்னா வேலை போயிடும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டானாம்.

வேலையைக் காப்பாத்திக்க உயிரை அடகு வைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்னு அவ திட்டினா. திட்டிட்டு நேரா இன்ஸ்பெக்டரம்மாகிட்டப் போனா.

கிராஃபைக் காட்டினா. ஒண்ணு விடாம சொன்னா. அண்ணன் தூங்கினதையும் சேர்த்து. நல்லது நினைச்ச மேனேஜரை மட்டும் இழுக்கல.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடிக்கு மேல எட்டிப் பார்த்து முழுசாக் கேட்டாங்க.

"சரி. சோலார்காரன் பகல்ல வண்டி ஓட்ட மாட்டான். ஓட்டினா உங்க ஸ்க்ரீன்ல பதியும்னு அவனுக்குத் தெரியும். அப்போ அது தெரியாத ஆள்தான் ஓட்டியிருக்கணும். இங்க சோலார்காரன் இல்லைன்னா மிச்சம் யாரு?"

"காத்தாடி ஆளுங்க."

"அவங்கள்ல அந்த நேரத்துல தனியா இருந்தது யாரு?"

ஏணி. காத்தாடிப் பக்கத்துல மாமாவுக்கு அடுத்த ஆள். ஆறேகால் அடி உயரம், அதான் அந்தப் பேர். மத்த நாலு பேரும் அஞ்சாம் நம்பர் டவர்ல ஒண்ணா இருந்தாங்க. ஏணி மட்டும் ஸ்டோர் ரூம்ல ஸ்பானர் எண்ணிக்கிட்டிருந்தேன்னு சொல்லியிருந்தான். மாமா போயிட்டா அடுத்த ஹெட்டு இவன்தான். போதாதா?

கூட்டிட்டு வந்தாங்க. உள்ள வரும்போதே தங்கச்சியைப் பார்த்து ஒரு முறைப்பு. ஒங்க அண்ணனைக் காப்பாத்த என்னை மாட்டி விடறியாங்கிற மாதிரி. இன்ஸ்பெக்டரம்மா, உடம்பை ஒருக்களிச்சுப் போட்டுப் போலீஸ் எடுத்த போட்டோவை மேஜை மேல போட்டாங்க.

ஏணி அதைக் கையில எடுத்தான். அவன் அப்பத்தான் மாமாவைக் கிட்டத்துல பார்க்கறான். கண்ணு கலங்குச்சு. துடைச்சுக்கிட்டான். திரும்பப் பார்த்தான். போட்டோவைச் சாய்ச்சுப் பார்த்தான். அழுகை அப்படியே நின்னு போச்சு.

"மேடம்... இது மாமா மாட்டின பெல்ட் இல்ல."

"அப்போ வேற யாருது?"

"பெல்ட் அவருதுதான். மாட்டினது அவர் இல்ல. இதைப் பாருங்க. தொடையைச் சுத்தி வர வேண்டிய பட்டை ரெண்டும் பின்னாடி முடிச்சுப் போட்டிருக்கு. ஸ்கூல் பை மாட்ற மாதிரி தோள்ல மட்டும் மாட்டியிருக்காங்க. இப்படி மாட்டிட்டு வழுக்கினா ஆள் கீழ உருவிக்கிட்டுப் போவான், பெல்ட் மட்டும் மேல தொங்கும். இருட்டுல, தூக்கத்துல, ஜுரத்துல மாட்டினாக்கூட எங்க ஆளுங்க ஒருத்தனும் இப்படி மாட்ட மாட்டான்."

"இதை ஏன் காலையிலேயே சொல்லல?"

"மேனேஜர் எங்களைக் கிட்ட விட்டாத்தான? கிட்ட நின்னது எல்லாம் சோலார் பசங்க. அவங்களுக்குப் பெல்ட்டும் ஒண்ணு, நாடாவும் ஒண்ணு."

அவசரத்துல இருந்தாக்கூட தங்கச்சிக்குச் சுருக்குன்னுச்சு. உங்களுக்கு மட்டும் பேனலும் ஒண்ணு, தகரமும் ஒண்ணுதானன்னு பதிலுக்குக் கொடுத்தா. இன்ஸ்பெக்டரம்மா கையைத் தூக்கி ரெண்டு பேரையும் நிறுத்தினாங்க. 

"சோலார்காரனா இருந்தா பகல்ல வண்டி ஓட்ட மாட்டான். காத்தாடிக்காரனா இருந்தா பெல்ட்டைத் தப்பா மாட்ட மாட்டான். அப்போ இந்த ரெண்டு வேலையும் தெரியாத ஆள் ஒருத்தர் இந்த சைட்ல இருக்காரு. யாரு?"

வாட்ச்மேன்? காலையிலேர்ந்து கேட்ல லாரிக்காரனோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தாரு. கேன்டீன் அம்மா? அடுப்பை விட்டு நகரல, பத்து பேர் பார்த்திருக்காங்க.

"இந்தக் கிராஃபை எனக்கு முன்னாடி வேற யாராவது பார்த்தாங்களா தங்கச்சி?"



"மேனேஜர் சார் பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

"அழிக்கச் சொன்னாரு. அண்ணனைக் காப்பாத்தறதுக்காக..."

"பதினாலாவது வரிசையோட தலைப்புல எந்த ரூம் இருக்கு?"

அவ சொல்ல வாயெடுத்தா.  பதினாலாவது வரிசை ஆரம்பிக்கிற இடத்துலதான், பிரஷ் வண்டி ஸ்டாண்டுக்கு நேரெதிர்ல... மேனேஜர் ரூம்.

தலையில தட்டின அந்தக் கை இப்பவும் அங்கேயே இருக்கிற மாதிரி ஜில்லுன்னுச்சு.

மதியம் ஒன்றரைக்கு இன்ஸ்பெக்டரம்மா மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. மரியாதைன்னா மரியாதை, அவ்வளவு மரியாதை. இந்தப் பசங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார், எனக்கு ஒண்ணும் புரியல, காத்தாடியும் சோலாரும் ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதானாமேன்னு இழுத்தாங்க.

மேனேஜர் அடக்கமா சிரிச்சாரு. ஆமா, அதுக்குத்தான என்னை இங்க போட்டிருக்காங்கன்னாரு. டவர் ஏறுறதுக்கு சர்டிபிகேட்கூட வச்சிருக்கேன்னாரு. அது அவர் ரூம்ல ஃப்ரேம் போட்டுத் தொங்குது, எல்லாரும் பார்த்திருக்காங்க. ஆனா அவர் ஏறி யாரும் பார்த்ததில்ல.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ரிப்போர்ட்ல எழுதணும். அந்தப் பெல்ட்டை எப்படி மாட்டுவாங்கன்னு கொஞ்சம் மாட்டிக் காட்டுறீங்களா?"

ஏணி ஸ்டோர்லேர்ந்து ஒரு பெல்ட்டைக் கொண்டு வந்து வச்சான். மேனேஜர் அதை எடுத்தாரு. ஒரு உதறு உதறினாரு. டை கட்டுற மாதிரி அவ்வளவு நிதானமா, அவ்வளவு நம்பிக்கையா...

வலது தோள். இடது தோள். நெஞ்சுல கொக்கி.

மிச்சம் தொங்கிச்சு ரெண்டு பட்டை. அதை ஒரு நொடி பார்த்தாரு. பின்னாடி கொண்டு போனாரு. ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்து இன்னொரு முடிச்சு.

"அவ்வளவுதான்."

 இன்ஸ்பெக்டரம்மா போட்டோவை அவர் பக்கம் மெதுவாத் திருப்பி வச்சாங்க. அதே தோள். அதே கொக்கி. முதுகுக்குப் பின்னாடி அதே ரெட்டை முடிச்சு.

மேனேஜர் போட்டோவைப் பார்த்தாரு. ஏணியைப் பார்த்தாரு. கை தானா முடிச்சை அவுக்கப் போச்சு. அவுக்க வரல.

"எல்லாரும் இப்படித்தான மாட்டுவாங்க..."

"இல்ல சார்," ஏணி சொன்னான். "இப்படிப் பெல்ட் ஏறின உடம்பு இங்க ரெண்டேதான். அதுல ஒண்ணுக்கு உசுரு இல்ல."

அதுக்கப்புறம் மேனேஜர் நின்னுக்கிட்டே அழுதாரு. எல்லாம் அழுகைக்கு நடுவுல துண்டு துண்டா வந்துச்சு. மூணு மணிக்கு தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க சைட்டைப் பார்க்க வர்றாங்க. பதினோரு காத்தாடியும் சுத்தணும்னு இவர் ஆசை. மாமா மட்டும் ஏழாம் நம்பரை ஒன்பதரைக்கே நிறுத்திட்டாரு. மேல போல்ட் தளர்ந்திருக்கு, இறுக்காம சுத்த விட்டா இறக்கை பிச்சுக்கிட்டுக் கீழ வேலை செய்யறவன் தலையில விழும்னாரு. கீழ வேலை செய்யறது என் தங்கச்சி புருஷன் சார், நான் விட மாட்டேன்னு வேற சொன்னாராம்.

போல்ட் எல்லாம் சரிபார்த்தாச்சுன்னு போன மாசமே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாரு மேனேஜர். வாக்குவாதம். ஒரே ஒரு தள்ளு. பிரஷ் வண்டி ஸ்டாண்டோட சிமெண்டுக் கட்டையில பின்மண்டை... டவர் ஏற மாமா கையில கொண்டு வந்திருந்த பெல்ட்டையே எடுத்து, மேலேர்ந்து விழுந்த மாதிரி தெரியட்டும்னு அவர் மேல மாட்டினாராம்.

தங்கச்சிக்கு அதுக்கு மேல காதுல விழல. வெளிய வந்து போனை எடுத்தா. 

"அண்ணி. அவர் இல்ல. எங்க அண்ணன் பண்ணல."

அந்தப் பக்கம் காலையிலேர்ந்து வராத அழுகை அப்பத்தான் வந்துச்சு. பெருசா, வீடே இடிஞ்சு விழற மாதிரி. அவங்க அண்ணனுக்காக அழற அழுகை. தங்கச்சி போனை வைக்கவே இல்ல. பக்கத்துல அண்ணன் வந்து நின்னு போனுக்காகக் கையை நீட்டினான். மாமா கடைசியா என்ன சொன்னாருன்னு அவனுக்கு இன்னும் தெரியாது. அதை எப்படிச் சொல்றதுன்னு இவளுக்கும் தெரியல. போனை அவன் கையில வச்சுட்டு நகர்ந்து வந்துட்டா.

சரியா மூணு மணிக்கு மூணு கார் உள்ள நுழைஞ்சுது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் இறங்கினாரு. நின்னு போன ஏழாம் நம்பரைப் பார்த்தாரு, நொறுங்கின பேனலைப் பார்த்தாரு. போலீஸ் வண்டிக்குள்ள யார் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் பார்க்கல. காத்தாடியும் சோலாரும் ரெண்டும் தெரிஞ்ச பொறுப்பான ஆள் யாராவது இருந்தா வரச் சொல்லுங்கன்னு எரிச்சலா கேட்டாரு.

இன்ஸ்பெக்டரம்மா முதல் தடவையா கண்ணாடியை மேல தள்ளிவிட்டுக்கிட்டாங்க.

"அப்படி ஒருத்தர் இருந்தாரு சார், வண்டியில ஏத்தியாச்சு. மிச்சம் இருக்கிறவங்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு வேலைதான் தெரியும்... அவங்களால ஆபத்து இல்ல."